பையைக் கவிழ்க்காமல் அடுத்த பயிர்: மாடித்தோட்ட மண்ணை மீண்டும் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

அறுவடை முடிந்ததும் பையைக் கவிழ்த்து, மண்ணைத் தளத்தில் பரப்பி, வேரைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, உரம் கலந்து திரும்ப நிரப்புவதுதான் பெரும்பாலான மாடித்தோட்டங்களின் வழக்கம். இடுப்பு ஒடியும் வேலை. அந்த வேலையில் பாதி தேவையற்றது, மீதி கெடுதல். ஒரு பருவம் முழுக்க வேர் துளைத்த வழிகளும், மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பூசண இழைகளும், மேலடுக்கில் குடியேறிய மண்புழுக்களும் கவிழ்த்த ஒரே நாளில் காய்ந்து போகின்றன. பிறகு அதே உயிர்களைப் பொட்டலத்தில் விலைகொடுத்து வாங்கிப் போடுகிறோம்.

மண்ணைக் கிளறாமல் அதே பையில் அடுத்தடுத்துப் பயிர் எடுக்கும் முறை கடினமானதல்ல. ஆனால் படிகளின் வரிசை மாறக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் தோற்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: பழைய செடியைப் பரிசோதிக்காமல் அறுத்துப் போடுவது, இரண்டு பயிர்களுக்கு நடுவே பையைக் காயவிடுவது.

1. எந்தப் பை இதற்கு ஏற்றது

இயற்கை உரம் மட்டும் போட்டு வளர்த்த பையாக இருக்க வேண்டும். ரசாயன உரக்கரைசலில் ஓடிய பையில் உப்பு மிஞ்சியிருக்கும், மண்ணுயிர் குறைவாக இருக்கும். அதை இந்த வழிக்குத் திருப்பலாம், ஆனால் முதல் பருவத்தில் விளைச்சலை எதிர்பார்க்காதீர்கள்.

கலவையில் மூன்றில் ஒரு பங்காவது உண்மையான மண் இருக்க வேண்டும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தால் நல்லது. வெறும் நார்க்கழிவும் உரமும் போட்ட பை எடை குறைவு என்று பலருக்குப் பிடிக்கும். ஆனால் அது சில பருவங்களில் மக்கிச் சுருங்கிப் பாதிப் பையாகிவிடும். கிளறாத முறைக்கு நிலைத்து நிற்கும் எலும்புக்கூடு தேவை. அதைத் தருவது மண்தான்.

அளவைப் பொறுத்தவரை 15 அங்குல விட்டமும் 15 அங்குல உயரமும் உள்ள பை குறைந்தபட்சம். அதில் 35 முதல் 40 லிட்டர் வரை மண் பிடிக்கும். சிறிய பை கோடை வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும், உள்ளே எந்த உயிரும் தங்காது. கேரட், முள்ளங்கி, உருளை போன்ற கிழங்கு வகைகளுக்குத் தனிப்பை ஒதுக்கிவிடுங்கள். அவற்றைப் பிடுங்கும்போது மண் எப்படியும் கலைந்துவிடும்.

2. பத்து நாள் முன்பே தயாராக வேண்டியவை

ஒரு 15 அங்குலப் பைக்கு:

- மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் 2 கிலோ
- பொடித்த வேப்பம் புண்ணாக்கு 50 கிராம்
- டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மைப் பூசணம்) தூள் 20 கிராம்
- மூடாக்குக்குக் காய்ந்த சருகு, வைக்கோல் அல்லது கரும்புச் சோகை, பை வாயை மூன்று அங்குலத்துக்கு மூடும் அளவு
- கூரான கவாத்துக் கத்தரி, ஒரு கண்ணாடி டம்ளர், கைப்பிடி அளவு சாக்குத் துணி

பத்து நாள் என்பதற்குக் காரணம் டிரைக்கோடெர்மா. பொட்டலத்தை அப்படியே பையில் தூவினால் பெரும்பகுதி வெயிலில் வீணாகும். மண்புழு உரத்தோடு கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பூசணம் உரம் முழுவதும் பரவிவிடும். செடி கடைசிக் காய்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.

எலும்புத் தூள், பாறைப் பாஸ்பேட், சாம்பல், முட்டை ஓடு எல்லாம் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ச்சும் மாடிகளில் மண் ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். கார மண்ணில் பாறைப் பாஸ்பேட் கரைவதே இல்லை என்று சொல்லலாம். முட்டை ஓடு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் அப்படியே கிடக்கும். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும். எலும்புத் தூள் எலிக்கு அழைப்பிதழ். மக்கிய உரத்தில் இருக்கும் மணிச்சத்தே (பாஸ்பரஸ்) காய்கறிக்குப் போதும்.

3. அறுக்கும் முன் செடியைப் பரிசோதியுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. கவிழ்த்துக் காயவைப்பவர் தம்மையறியாமல் ஓரளவு நோயையும் குறைத்துவிடுகிறார். நாம் அதைச் செய்யப் போவதில்லை. ஆகவே நோயுள்ள பையை முதலிலேயே பிரித்தாக வேண்டும்.

முதலில் வேர். பையின் ஓரத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழம் விரலை விட்டு, விரல்நீளத்துக்குச் சல்லிவேரை இழுத்தெடுங்கள். தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். வேர் வெண்மையாக அல்லது இளம் பழுப்பாக, ஒரே சீரான தடிப்பில் இருந்தால் கவலையில்லை. மணி கோத்தாற்போல் ஆங்காங்கே புடைத்திருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் நுண்புழு. அந்தப் பைக்குக் கீழே வரும் படிகள் எதுவும் பொருந்தாது, நேராக 10ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை வேரிலும் உருண்டைகள் இருக்கும். அதைக் கண்டு பயந்து நல்ல பையைக் கொட்டியவர்கள் உண்டு. வித்தியாசம் தெரிய நகத்தால் உரசிப் பாருங்கள். பயறுவகையின் தழைச்சத்து (நைட்ரஜன்) முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், உரசினால் தனியே உதிர்ந்துவிடும். நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது. வேரைப் பிய்க்காமல் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது தண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தலை தொங்கி வாடியிருந்தால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, வெட்டுவாய் நீரில் முங்கும்படி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிற இழை மெல்லக் கீழிறங்கினால் நோய் உறுதி, அந்தப் பையும் 10ஆம் பகுதிக்குத்தான். நீர் தெளிவாகவே நின்றால், வாடலுக்கு வேறு காரணம் இருக்கிறது. அடியில் நீர் தேங்கியதாகவும் இருக்கலாம்.

இலையில் சாம்பல் நோய், அசுவினி, வெள்ளை ஈ இருந்ததற்காகப் பையை ஒதுக்க வேண்டாம். இலைகளை அப்புறப்படுத்தினால் போதும். ஆனால் எறும்பு சாரைசாரையாகப் பைக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். வேரில் மாவுப்பூச்சி இருந்தால் எறும்பு விடாது. மேல்மண்ணை விலக்கி, வேரில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4. வடிகால் துளையைத் திறந்துவிடுங்கள்

கவிழ்க்காத பையில் யாரும் நினைத்துப் பார்க்காத இடம் அடிப்பகுதி. ஒரு பருவ வேர் வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். பையைச் செங்கல் மேல் ஏற்றி, பென்சில் தடிப்புள்ள குச்சியால் ஒவ்வொரு துளையையும் வெளியிலிருந்து குத்தித் திறங்கள். இதற்குப் பிறகு வரும் படியில் நிறைய நீர் ஊற்றப் போகிறோம். துளை அடைத்திருந்தால் அடிமண் சேறாகி அழுகும்.

நனைந்த பை 40 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கி நகர்த்த நினைக்காமல் ஒரு பக்கம் சாய்த்து ஒவ்வொரு செங்கலாகச் செருகுங்கள்.

பை வெயிலில் நைந்து கிழியத் தொடங்கியிருந்தாலும் மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து பையோடு தூக்கி, அதைவிடப் பெரிய பைக்குள் இறக்குங்கள். பிறகு பழைய பையை மட்டும் பக்கவாட்டில் கிழித்து உருவிவிடலாம். சுற்றியுள்ள இடைவெளியில் மண்புழு உரம் கலந்த மண்ணை நிரப்பினால் போதும்.

5. தண்டை அறுங்கள், வேரை விடுங்கள்

கவாத்துக் கத்தரியால் தண்டை மண்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேரோடு மண்கட்டியும் எழும்பி, இத்தனை நாள் காத்துவந்த அமைப்பு சிதறிவிடும். உள்ளே விட்ட வேர் மக்கும்போது அதன் வழியே காற்றும் நீரும் இறங்கும். அடுத்த செடியின் வேரும் அதே பாதையில் சிரமமின்றிப் போகும்.

மண்மட்டத்துக்குக் கீழே என்பதற்குக் காரணம் உண்டு. கத்தரிச் செடியை மேலே வெட்டினால் அடித்தண்டிலிருந்து மறுதாம்பு துளிர்த்துவிடும். உங்களுக்கு மறுதாம்புக் காய்தான் வேண்டுமென்றால் அது வேறு கதை. இங்கே நாம் பையை அடுத்த பயிருக்குத் தயார் செய்கிறோம்.

நோயில்லாத தழையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஓரமாக வையுங்கள், மூடாக்கில் சேர்க்கலாம்.

6. முதலில் கழுவல், பிறகு உரம்

பை விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பூசணமல்ல, உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருப்பது, நீர் ஆவியானதும் மேலே தங்கிவிடுகிறது. சரியாக அலசாத நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். ஒவ்வொரு பருவமும் மண்ணை மாற்றாததால் இது சேர்ந்துகொண்டே போகும். இலை நுனி கருகுவதும் விதை முளைக்காமல் போவதும் பல நேரம் இதனால்தான்.

முதலில் வெள்ளைப் படலத்தை உள்ளங்கையால் வழித்து எடுத்து வெளியே போடுங்கள். அதில் ஒரு பகுதி சுண்ணாம்பு. எவ்வளவு ஊற்றினாலும் கரையாது.

அடுத்து மண்ணை நனையுங்கள். நார்க்கழிவு முழுதும் காய்ந்திருந்தால் நீரை ஏற்காது. ஊற்றியது பை ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். ‘இரண்டு குடம் ஊற்றினேன், எல்லாம் வடிந்துவிட்டது’ என்பார்கள், நடுவில் விரல் விட்டால் தூசி பறக்கும். பூவாளியால் கொஞ்சம் ஊற்றி, அரை மணி விட்டு மறுபடி ஊற்றி, மண் ஊறிய பிறகே கழுவலைத் தொடங்குங்கள்.

பிறகு பத்து லிட்டர் வீதம் ஒரு மணி இடைவெளியில் நான்கு ஐந்து முறை ஊற்றி வடியவிடுங்கள். மழைநீர் இருந்தால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும். உப்பு நீராலேயே உப்பைக் கழுவினால் பலன் பாதிதான். முதலில் தேநீர் நிறத்தில் வரும் நீர் நார்க்கழிவின் சாயம். வெளுத்து வரத் தொடங்கினால் போதும், நிறுத்திவிடலாம்.

உரம் போட்ட பிறகு கழுவினால் உப்போடு தழைச்சத்தும் தளத்தில் ஓடிவிடும். வரிசை மாறக் கூடாது என்றது இதனால்தான். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து நின்ற பைக்கு இந்தப் படி தேவையே இல்லை. அந்த வேலையை மழை முடித்துவிட்டது.

7. மேலுரமும் மூடாக்கும்

கழுவிய மறுநாள், நீர் வடிந்து மண் ஈரப்பதத்தில் இருக்கும்போது, வேப்பம் புண்ணாக்குத் தூளை மேலே சீராகத் தூவுங்கள். அதன்மேல் பத்து நாள் ஊறிய டிரைக்கோடெர்மா உரத்தை ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகப் பரப்புங்கள். கொத்திக் கிளற வேண்டாம். நீரும் புழுக்களும் அதைக் கீழே கொண்டுபோகும். புண்ணாக்கைத் திறந்தபடி விட்டால் வெண்பூசணம் பூத்து ஈ மொய்க்கும். அதனால் அது எப்போதும் உரத்துக்கு அடியில்.

கடலைப் புண்ணாக்கைக் கட்டியாகப் போடுவோர் இருக்கிறார்கள். எறும்பும் எலியும் பையைத் தோண்டிவிடும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் நீரில் ஊறவைத்து, புளித்த தெளிவைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றுங்கள்.

உரத்தின்மேல் மூடாக்கு மூன்று அங்குலம். வெட்டிய பச்சைத் தழை அடியில், காய்ந்த சருகு மேலே. சருகையோ மரத்தூளையோ மண்ணுக்குள் கலந்துவிடாதீர்கள். அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். மேலே கிடந்தால் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை.

வேலை முடிந்ததும் மண்மட்டம் பை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதற்கும் இறங்கியிருந்தால் பாதி செம்மண், பாதி உரம் என்று கலந்து மேலே நிரப்புங்கள். தண்டைச் சுற்றி மண் ஏற்ற முடியாதபடி செடி நிற்கும் நாட்களில் செய்ய முடியாத வேலை இது. காலிப் பையில் எளிது.

8. ஈரத்தோடு ஓய்வு

பதினைந்து முதல் இருபது நாள். வேப்பம் புண்ணாக்கு மக்கும்போது வெளிவரும் சூடும் வாயுவும் இளவேரைச் சுடும் என்பதால் உடனே நடக் கூடாது.

ஓய்வு என்றதும் பையை மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. பங்குனியில் தைப்பட்டப் பயிர் முடியும், ஆடிப்பட்டத்துக்குத்தான் அடுத்த விதை என்று பையை ஓரம் கட்டிவிடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் தளத்தின் மேல் கறுத்த பை கிடந்தால் உள்ளே சல்லடையில் சலித்த தூசிதான் மிஞ்சும். அப்படிக் காயவிட்ட பின் ‘கிளறாத முறை எனக்கு வரவில்லை’ என்று சொல்வதில் நியாயமில்லை.

நிழல்வலை அடியில், பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். வெயில் வெளிவரிசையை மட்டும்தான் தாக்கும். மூடாக்கை விலக்கி இரண்டு அங்குலம் விரல் விட்டுப் பார்த்து, மண் விரலில் ஒட்டவில்லையென்றால் நீர் தெளியுங்கள். மூடாக்கு இருப்பதால் தினமும் ஊற்றத் தேவையிருக்காது. பழக்கதோஷத்தில் தினமும் ஊற்றினால் சிறு கறுப்புக் கொசு போன்ற ஈக்கள் பெருகும்.

இடைவெளி ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பையைச் சும்மா போடாமல் பயிரே போடுங்கள். இரவு ஊறவைத்த பச்சைப்பயறு அல்லது தட்டைப்பயறு ஒரு பிடியை, மூடாக்கை ஒதுக்கி விதைத்துவிடுங்கள். 30 முதல் 35 நாளில், முதல் பூ தெரியும்போது மண்மட்டத்தில் அறுத்து மேலேயே போட்டுவிட வேண்டும். காய்க்கும்வரை விட்டால் தழைச்சத்து விதைக்குப் போய்விடும், தண்டும் நார்பிடித்து மக்கத் தாமதமாகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வேரோடு கூடி வாழும் பூசணங்களுக்கு உயிருள்ள வேர் தேவை. பயறு அதைத் தருகிறது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்தின் வேரோடு அவை கூடுவதில்லை.

9. எதை நடுவது, எங்கே நடுவது

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் மற்றொன்றை வைத்துவிட்டுப் பயிர் மாற்றினேன் என்று நினைக்காதீர்கள். இவற்றுக்குப் பின் அவரை, கொத்தவரை, அல்லது பாகல், புடல், பீர்க்கு நல்ல தேர்வு. பயறுவகைக்குப் பின் அதிகம் தின்னும் கத்தரியோ தக்காளியோ வரலாம்.

பழைய அடித்தண்டு இருக்கும் இடத்திலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி நடுங்கள். தண்டு அழுகும் இடத்தில் இளநாற்றின் கழுத்தும் சேர்ந்து அழுகும். மூடாக்கை ஒரு சாண் அகலத்துக்கு விலக்கி, நாற்றின் வேர்க்கட்டி அளவுக்கு மட்டும் குழி. நட்டபின் மூடாக்கை நெருக்குங்கள், ஆனால் தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் காலியாக இருக்கட்டும். ஈரச் சருகு தண்டைத் தொட்டால் நத்தைக்கும் தண்டழுகலுக்கும் வழி.

கீரை போன்ற பொடி விதையை மூடாக்குப் பையில் நேரடியாகத் தூவினால் பாதி முளைக்காது. மூடாக்கை முழுதும் எடுத்து, மெல்லிய உரப்படலத்தில் விதைத்து, செடி விரல்நீளம் வந்ததும் நடுநடுவே சருகைத் திரும்பப் போடுங்கள்.

நட்ட பதினைந்தாம் நாளிலிருந்து பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி வீதம் தெளிக்கலாம். சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நன்மை பாக்டீரியா) ஊற்றுவதாக இருந்தால் டிரைக்கோடெர்மா போட்ட அதே வாரத்தில் வேண்டாம், சில நாள் இடைவெளி விடுங்கள். ரசாயனப் பூசணக்கொல்லியை மண்ணில் ஊற்றினால் இதுவரை செய்த எல்லாம் வீண்.

வளரும்போது பயப்பட வேண்டியதும் வேண்டாததும் கலந்தே வரும். குடைக்காளான் முளைத்தால் மகிழ்ச்சி, மூடாக்கு மக்குகிறது. ஆனால் அதைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். அடி இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, மூடாக்கை விலக்கி இரண்டு கைப்பிடி உரம் கொடுங்கள். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது காரத்தால் வரும் இரும்புச்சத்துக் குறைவு. உரம் கூட்டிப் பயனில்லை, மழைநீருக்கு மாறிப் பாருங்கள்.

10. கவிழ்க்கத்தான் வேண்டிய பைகள்

வாடல் நோய் உறுதியான பையின் மண்ணைத் தக்காளிக் குடும்பத்துக்கு மறுபடி கொடுக்காதீர்கள். அதைத் தொட்ட கவாத்துக் கத்தரியையும் கழுவாமல் அடுத்த பைக்குக் கொண்டுபோகக் கூடாது. மண்ணை அலங்காரப் புல்லுக்கோ வாழைக்கோ என்று யோசிக்கலாம் என்றாலும், வாழையையும் தாக்கும் வகைகள் அந்தப் பாக்டீரியாவில் உண்டு. தோட்டத்திலிருந்து அப்புறப்படுத்துவதே என் முடிவு.

நூற்புழுப் பையைக் காப்பாற்ற முடியும், பொறுமை வேண்டும். ஒரு வழி, பை முழுக்கச் செண்டுமல்லி. ஓரத்தில் ஒரு செடி வைப்பது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். நூற்புழு குறைய அதன் வேர் பை முழுவதும் ஒரு பருவம் ஓட வேண்டும்.

இன்னொரு வழி வெயில். ஏப்ரல், மே மாதங்களில் வேரையெல்லாம் பொறுக்கி அகற்றி, மண்ணை அரையடிக்கு மேற்படாத தடிப்பில் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெளிவான பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். வெப்பத்தைத் தானே வாங்கிக்கொண்டு மண்ணுக்குக் குறைவாகவே தரும். காய்ந்த மண்ணும் வேண்டாம், ஈரம்தான் சூட்டை உள்ளே கடத்தும். இதில் நல்லுயிர்களும் சாகும் என்பதால் 2 கிலோ டிரைக்கோடெர்மா உரத்தைக் கலந்தே திரும்ப நிரப்ப வேண்டும்.

நிரப்பிய பையில் தக்காளியை உடனே வைக்காதீர்கள். இரண்டு மூன்று வெண்டை விதை போட்டு, ஒரு மாதம் கழித்து ஒன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெண்டை நூற்புழுவுக்கு மிக எளிதில் ஆளாகும் பயிர். அதன் வேரில் முடிச்சில்லையென்றால் மீதி வெண்டையைக் காய்க்க விட்டு, அறுவடைக்குப் பின் 3ஆம் பகுதியிலிருந்து தொடங்கலாம்.